கைக்கடிகாரம் காட்டும் கலோரி: நம்பும் முன் எட்டுப் படிகளில் சரிபார்க்கும் முழு வழிகாட்டி

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். காலையில் இரண்டு சுற்று முடித்தவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான். "இன்றைக்கு 520 எரித்துவிட்டேனுங்க" என்று முகம் மலரச் சொல்வார்கள். அந்த 520-ஐ நம்பி காலை உணவில் கொஞ்சம் கை தாராளமாகும். மூன்று மாதம் கழித்து எடை அசையவில்லை என்று மனம் நொந்து நடையையே விட்டுவிடுவார்கள். அப்படி நின்றுபோன நல்ல நடையர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடிகாரம் தருவது இரண்டு எண்கள். துடிப்பு அளந்து சொல்லப்படுவது. கலோரி அந்தத் துடிப்பிலிருந்து ஊகித்துச் சொல்லப்படுவது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகைக் கைக்கருவிகளை அணிவித்துச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. கடைசியில் வந்தது 93 சதவீதம் தவறியது.

காரணம் எளிது. தசை எரிக்கும் ஆற்றலை அறிய, உடல் உட்கொண்ட ஆக்சிஜனை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கிலோகலோரி. (உணவுப் பேச்சில் நாம் 'கலோரி' என்பதெல்லாம் இந்தக் கிலோகலோரியைத்தான், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) கடிகாரத்துக்கு ஆக்சிஜன் தெரியாது. இதயம் வேகமாக அடித்தால் ஆக்சிஜன் கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. இதயம் வேறு காரணங்களுக்காகவும் வேகமாக அடிக்கும் என்பதுதான் சிக்கல்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். துடிப்பே தவறாக இருக்கும்போது கலோரியைத் திருத்த உட்கார்ந்தால் உழைப்பு வீண்.

தொடங்கும் முன்

ஒரு எடை மிஷின், ஒரு நோட்டு, நொடி முள் உள்ள சாதாரணக் கடிகாரம் அல்லது கைபேசி, தூரம் தெரிந்த ஒரு சமதளப் பாதை. பள்ளி மைதானத்தின் 400 மீட்டர் ஓடுபாதை கிடைத்தால் மிகவும் நல்லது. இவற்றோடு நான்கு வாரப் பொறுமையும் வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு மருந்தாலேயே அடங்கியிருக்கும். துடிப்பு ஒழுங்கற்றவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோரின் நிலையும் வேறு. இவர்கள் துடிப்பை வைத்துக் கலோரி பார்ப்பதை விட்டுவிட்டு நேரே ஆறாம் படியின் தூரக் கணக்குக்குப் போய்விடலாம். எவ்வளவு வேகம் தகும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இன்சுலின் போடுபவர்கள் கலோரி எண்ணைப் பார்த்து மருந்தையோ உணவையோ தாங்களாக மாற்றவே கூடாது.

1. கடிகாரத்தை அணியும் இடத்தைத் திருத்துங்கள்

கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதல்லவா? அந்த ஒளி தோலுக்குள் புகுந்து, இரத்தம் பாயும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டே துடிப்பு எண்ணப்படுகிறது. கடிகாரம் ஆடினால் இடையில் வெளிச்சம் புகும். எலும்பின் மேல் உட்கார்ந்தால் அங்கே பார்ப்பதற்கு இரத்த ஓட்டம் குறைவு.

மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். பயிற்சி நேரத்தில் மட்டும் ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள். கையை உதறினால் கடிகாரம் நகரக் கூடாது. கழற்றியபின் தோலில் ஆழமான தடமும் விழக் கூடாது.

புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் வளையல்போலத் தளர்வாகப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வருபவர்களும் உண்டு. எண்ணெயும் காய்ந்த வேர்வை உப்பும் சென்சார் கண்ணாடியில் படிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள். மை ஒளியை விழுங்கும்.

நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின் அலையை நேரடியாகப் பிடிக்கிறது. வேகம் அடிக்கடி மாறும் பயிற்சியில் அதுவே நம்பகமானது. ஆனால் அதன் பட்டைப் பரப்பைத் தண்ணீரால் நனைத்துக் கட்ட வேண்டும். உலர்வாகக் கட்டினால் வேர்க்கும் வரை முதல் சில நிமிடங்கள் தாறுமாறான எண்கள் வரும்.

2. துடிப்பைக் கையால் எண்ணி ஒப்பிடுங்கள்

முதலில் காலை எழுந்ததும், காபிக்கு முன், உட்கார்ந்த நிலையில். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வைத்து 60 நொடி எண்ணுங்கள். கட்டைவிரலால் எண்ணாதீர்கள், அதற்கே சொந்தத் துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். கடிகாரத்துக்கும் உங்களுக்கும் 3 துடிப்புக்குள் வித்தியாசம் இருந்தால் சரி.

அடுத்தது முக்கியமான சோதனை. பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, சட்டென்று நின்று 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். அதனால்தான் 15 நொடி. இதில் ஒரு துடிப்புப் பிசகினால் 4 ஆகப் பெருகும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

இங்கே பலர் அறியாத ஒரு கோளாறு இருக்கிறது. கை வீசும் தாளத்தையே துடிப்பு என்று கடிகாரம் சில நேரம் எடுத்துக்கொள்ளும். ஓடுபவர்களுக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 காலடி. அந்த எண் துடிப்பாகத் திரையில் வந்து நிற்கும். வேக நடையில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். காலடியும் 115 அளவில் இருக்கும், துடிப்பும் அதை ஒட்டியே இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய, நடந்துகொண்டே கடிகாரம் கட்டிய கையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்குள் எண் பெரிதாகத் தாவினால், அதுவரை காட்டியது உங்கள் காலடி. பட்டையை இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் அந்தக் கருவியை ஓட்டத்துக்கு நம்ப வேண்டாம்.

3. உங்கள் விவரங்கள் உங்களுடையவையா என்று பாருங்கள்

மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து, தன் கைபேசியில் தன் வயதையும் எடையையும் போட்டு இயக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே அப்பா கையில் கட்டிவிட்டுப் போயிருப்பான். 62 வயது அப்பாவுக்கு 30 வயதுக்காரர் கணக்கில் கலோரி வந்துகொண்டிருக்கும். இதை நான் பார்த்தது ஒருமுறை இருமுறை அல்ல.

செயலியைத் திறந்து வயது, பால், உயரம், எடை, எந்தக் கை என்ற ஐந்தையும் பாருங்கள். எடையை மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

இந்த விவரங்கள் எவ்வளவு புரட்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. வெளிப்படையாகக் கிடைக்கும் சமன்பாடுகளில் பரவலாக எடுத்தாளப்படுவது 2005இல் கீடெல் குழுவினர் தந்தது. ஆண்களுக்கு, நிமிடத்துக்கு இத்தனை கிலோஜூல்: துடிப்பு × 0.6309, எடை × 0.1988, வயது × 0.2017 ஆகிய மூன்றையும் கூட்டி, அதிலிருந்து 55.0969-ஐக் கழிக்க வேண்டும். 4.184 ஆல் வகுத்தால் கலோரி.

இதன்படி எடையை 10 கிலோ தவறாகப் போட்டால் மணிக்கு 28 கலோரிதான் மாறும். துடிப்பு 10 தவறினாலோ மணிக்கு 90 கலோரி மாறும். முதல் இரண்டு படிகளில் உங்களை இவ்வளவு நேரம் நிறுத்தியது இதனால்தான்.

பெண்களுக்கான சமன்பாட்டில் எடையின் பங்கு கூட்டலாக இல்லாமல் கழித்தலாக வருகிறது. கனமான உடல் நடக்கக் குறைந்த ஆற்றல் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. சோதனைக்கு வந்தவர்களின் எண்களுக்குப் பொருந்துமாறு இழுத்த கோடு அது, அவ்வளவே. உங்கள் உடல் அந்தக் கோட்டுக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

உச்சத் துடிப்பு என்ற இடத்தில் பல செயலிகள் '220 கழித்தல் வயது' என்று தாமாகவே நிரப்பிவிடும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது பெரியவர்களுக்கு இன்னும் பொருத்தம். 60 வயதுக்காரருக்கு முதல் முறையில் 160, இரண்டாவதில் 166. இரண்டுமே ஒரு தனி மனிதரிடம் 10 துடிப்புக்கு மேலும் தவறக்கூடும். மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையில் நீங்கள் எட்டிய உச்சம் இருக்கும். பாதியில் நிறுத்தப்பட்ட சோதனை இல்லையென்றால் அந்த எண்ணைப் போடுங்கள்.

4. எந்தப் பயிற்சிக்கு இந்தக் கணக்குப் பொருந்தும் என்று பிரியுங்கள்

துடிப்பும் ஆக்சிஜனும் கைகோத்து ஏறுவது, பெரிய தசைகள் ஒரே சீராக இயங்கும்போது: வேக நடை, ஓட்டம், சைக்கிள். அதுவும் துடிப்பு ஏறக்குறைய 90-க்கும் 150-க்கும் இடையில் இருக்கும்போது. அதற்குக் கீழே எழுந்து நிற்பது, பேசுவது, கோபப்படுவதுகூடத் துடிப்பை ஏற்றும். ஆற்றல் செலவு ஏறாது.

எடை தூக்கும்போது தசை இறுகி இரத்தக் குழாயை நெரிப்பதால் அழுத்தமும் துடிப்பும் எகிறும். ஆக்சிஜன் அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே ஜிம்மில் ஒரு மணி நேரத்துக்குக் காட்டும் கலோரி பெரும்பாலும் மிகை. கை மட்டும் செய்யும் வேலைக்கும் இதே கதை. கால் செய்யும் அதே அளவு வேலையைக் கை செய்தால் துடிப்பு அதிகமாகவே இருக்கும்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர், ஷிப்ட் முடிந்ததும் கடிகாரம் பயிற்சி என்று பதிந்ததைக் காட்டி, "இதைக் கணக்கில் சேர்க்கலாமா அண்ணா?" என்று கேட்டார். தறிகளுக்கு இடையே அவர் நடந்த நடை உண்மை. ஆனால் அறுந்த இழையை முடிந்து விடும் கையசைவும் காலடியாக ஏறியிருந்தது. கொட்டகைச் சூடு துடிப்பை ஏற்றியிருந்தது. அந்தப் பதிவை வேலைநாள் செலவாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டும்போது ஏறும் காலடிகளையும் அப்படியே தள்ளிவிடுங்கள்.

பயிற்சியைக் கையால் தொடங்கி, கையால் முடியுங்கள். பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் நிறுத்த மறந்தால், டீக்கடைப் பேச்சும் பயிற்சியாகிவிடும்.

5. வெயிலைத் துடிப்பிலிருந்து பிரியுங்கள்

நம் பகுதியில் மிகப் பெரிய பிழை வருவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்பத்தில் உடல் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்பிக் குளிர்கிறது. வேர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்ட இதயம் அடிக்கடி அடிக்கிறது. நடையின் வேகம் அதேதான். தசைக்குத் தேவையான ஆக்சிஜனும் ஏறக்குறைய அதேதான். கடிகாரம் மட்டும் நீங்கள் கூடுதலாக உழைத்ததாக எழுதிக்கொள்கிறது.

ஒரே பாதை, ஒரே வேகத்தில் நான் சோதித்தேன். தை மாதக் காலை ஆறு மணிக்குச் சராசரித் துடிப்பு 104. சித்திரை மாத மாலை ஐந்து மணிக்கு 118. முன்பு சொன்ன சமன்பாட்டின்படி இந்த 14 துடிப்பு மட்டுமே மணிக்குச் சுமார் 127 கலோரியைக் கூட்டிவிடும். நடந்த தூரத்தில் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கு ஓரளவு ஆறுதல் தரும். ஈரோடும் கரூரும் கோடையில் கொதிக்கும் ஊர்கள். அங்கே இந்தப் பிழை இன்னும் பெரிது. வேர்வை கொட்டக் கொட்டக் கொழுப்புக் கரைகிறது என்று நம்பி, உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டு நடப்பவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அப்போது இறங்கும் எடை தண்ணீர். இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பிவிடும். மயங்கி விழும் ஆபத்து மட்டும் உண்மை.

செய்ய வேண்டியது: சோதனை நடைகள் எல்லாவற்றையும் சூரியன் ஏறும் முன், ஒரே நேரத்தில், தண்ணீர் குடித்துவிட்டுச் செய்யுங்கள். காபி குடித்துவிட்டு நடப்பது வழக்கம் என்றால் எல்லா நாளும் குடியுங்கள். இல்லையென்றால் எந்த நாளும் வேண்டாம். தூக்கமில்லாத இரவுக்கும் காய்ச்சலுக்கும் அடுத்த நாள் எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6. தூரத்தை வைத்து ஒரு மறுகணக்குப் போடுங்கள்

துடிப்பைத் தொடாமலே நடையின் செலவைக் கணக்கிட முடியும். சமதளத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் வரையிலான நடைக்கு: எடை × தூரம் × 0.5. ஓட்டத்துக்கு: எடை × தூரம் × 1. எடை கிலோவில், தூரம் கிலோமீட்டரில்.

70 கிலோ எடையுள்ளவர் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று, அதாவது 5 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் நடந்தால் 70 × 5 × 0.5 = 175 கலோரி. முதலில் சொன்ன 520 எங்கே, இது எங்கே! அவர் 40 வயதுக்காரர், சராசரித் துடிப்பு 110 என்று வைத்துக்கொண்டு கீடெல் சமன்பாட்டில் போட்டால் அதே 520 வரும். கடினமான பயிற்சிக்கு ஓரளவு பொருந்தும் கணக்கை மென்நடைக்குப் பூட்டினால் இப்படித்தான் ஆகும்.

படியேற்றத்துக்குத் தனிக் கணக்கு: எடை × ஏறிய உயரம் மீட்டரில் × 0.009. சென்னிமலையில் 1320 படிகள். ஒரு படி சராசரியாக 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 198 மீட்டர். 70 கிலோ உடலை அவ்வளவு உயரம் ஏற்ற ஏறத்தாழ 125 கலோரி. மேலே போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கும். அந்தப் படபடப்பு இறங்கும்போதும் வெகுநேரம் நீடிக்கும். இறக்கத்தில் செலவு மிகக் குறைவு என்றாலும் கடிகாரம் அதையும் ஏற்றம்போலவே எழுதிக்கொண்டிருக்கும்.

7. சும்மா இருந்தாலும் செலவாகியிருப்பதைக் கழியுங்கள்

உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவிடும். 70 கிலோவுக்கு மணிக்கு 70. சில கடிகாரங்கள் இதையும் சேர்த்து 'மொத்தம்' என்று காட்டும். சில 'செயல்பாட்டுக் கலோரி' என்று தனியாகக் காட்டும்.

ஆறாம் படியில் வந்த 175, இந்த ஓய்வுச் செலவு நீங்கிய நிகர எண். ஆகவே கடிகாரத்தில் செயல்பாட்டுக் கலோரியோடுதான் ஒப்பிட வேண்டும். மொத்தம் மட்டுமே கிடைத்தால், நடந்த மணி × எடை என்பதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். இதை மறந்து தினசரி உணவுத் தேவையையும் மொத்தக் கலோரியையும் கூட்டுபவர்கள் ஒரே செலவை இருமுறை எழுதுகிறார்கள். பொறுமையாகச் செய்பவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் இது.

8. நான்கு வாரம் எடை மிஷினைச் சாட்சியாக வையுங்கள்

இதுவரை கணக்கு, இனி உங்கள் உடலின் பதில். இதைத் தொடங்கும்போது உங்கள் எடை ஒரு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது நடை ஒன்று மட்டுமே. உணவை மாற்றக் கூடாது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

தினமும் காலைக்கடன் முடித்ததும், எதுவும் உண்ணாமல் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். உப்பும் தண்ணீரும் ஒரே இரவில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். ஏழு நாள் சராசரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஊர் நோன்பு, கல்யாண விருந்து வரும் மாதத்தில் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றும் கை விருந்து வீட்டில் நம் கையாக இருக்காது.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி. கடிகாரம் தினம் 300 என்று 28 நாளும் காட்டினால் மொத்தம் 8400, கிட்டத்தட்ட 1.1 கிலோ குறைந்திருக்க வேண்டும். உங்கள் சராசரி அரை கிலோதான் இறங்கியது என்றால் உண்மையில் நின்றது 3850. அதை 8400 ஆல் வகுத்தால் 0.46. இதுதான் உங்களுக்கும் உங்கள் கடிகாரத்துக்குமான சொந்த எண். இனி அது காட்டும் ஒவ்வொரு கலோரியையும் இதனால் பெருக்குங்கள்.

இந்த எண்ணுக்குள் கடிகாரத்தின் பிழை மட்டும் இல்லை. காலையில் நடந்த களைப்பில் பகலில் கூடுதலாக உட்கார்ந்தது, பசியில் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டது எல்லாம் அதில் அடங்கும். எடை குறைப்பவருக்கு அதுதான் தேவை. பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியில் நீர் ஏறி இறங்குவதால், சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும். நான்கு வாரம் என்று வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு வாரம் முடியும் வரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கடிகாரம் காட்டும் நடைக் கலோரியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாதியையும் உணவாகத் திருப்பிச் சாப்பிடாதீர்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. குழம்பில் கூடுதலாக விழும் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் சுமார் 120 கலோரி. 70 கிலோ ஆள் அதை நடந்து தீர்க்க மூன்றரை கிலோமீட்டர் போக வேண்டும்.

சொந்த எண் கிடைத்தபின் அதை நோட்டின் முதல் பக்கத்தில், கடிகாரத்தின் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். கடிகாரத்தை மாற்றினாலோ, அதன் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டாலோ, உங்கள் எடை ஐந்து கிலோ மாறினாலோ, மருத்துவர் புதிய இதய மாத்திரை கொடுத்தாலோ அந்த எண்ணை அடித்துவிட்டு இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.